அலுவலகம் நடக்கையில் மராமத்து

நாம் கோப்பு எழுதிக்கொண்டிருக்கையில் அடுத்த அறையில் சுவரிடிக்கும் ஓசை கேட்பது, தலைநகரில் அலுவல் பார்ப்போர்க்குப் புதிதன்று. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மேலதிகாரியின் அறையைப் புதுப்பித்தனர். கதவை மூடினர், குளிர்காற்றுக் குழாயை மூட மறந்தனர். அங்கே அறுத்த கிரானைட் கல்லின் தூசி அக்குழாய் வழியே எங்கள் மேசைகளில் படிந்தது. ஆஸ்துமாவால் வருந்தும் நண்பரொருவர் ஒரு வாரம் விடுப்பிலிருந்தார்.

ஆட்களை வெளியேற்றாமல் கட்டடத்தைச் செப்பனிட இயலாதா? இயலும். 1931இல் திறக்கப்பெற்ற நியூயார்க் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில், 2010இல் 6,500 சன்னல்களைப் புதுப்பித்தனர். இரவில் கழற்றினர், அதே கட்டடத்தின் ஐந்தாம் மாடியிலேயே பட்டறை அமைத்துச் செப்பனிட்டு மீண்டும் பொருத்தினர். பகலில் அலுவல்கள் வழக்கம்போல் நடந்தன.

நமக்கு வேண்டியவையும் எளியவையே. காற்றுக் குழாயை அடைத்தல், தரைமுதல் கூரைவரை பிளாஸ்டிக் திரையிடுதல், நீர் ஊற்றிக் கல்லறுத்தல், படிக்கட்டு வழியை மறிக்காதிருத்தல்.

கிரானைட்டில் சிலிக்கா உண்டு. அதன் நுண்தூசி நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் எனும் தீராநோய் விளையும். நமக்கு அது சில நாள் தொல்லை. கல்லறுக்கும் தொழிலாளிக்கோ நாள்தோறும் உட்கொள்ளும் மூச்சு. அன்று அவர் முகத்தில் கட்டியிருந்தது ஒரு கைக்குட்டை மட்டுமே. நாங்கள் எழுதிய முறையீட்டில் எங்கள் மேசைத் தூசியைக் குறிப்பிட்டோம்; அவரைக் குறிப்பிடவில்லை. நேயர்களே, நீங்கள் எழுதும்போது அவரையும் சேர்த்தெழுதுங்கள்.