நாவல்களும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

(நம் சங்க நூல்நிலைய ஆண்டுவிழாவில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



நூல்நிலைய ஆண்டுவிழாவில் ஏதேனும் பேசுக என்று நிர்வாகக் குழுவினர் எனக்குக் கட்டளையிட்டபொழுது, குறளையோ கம்பனையோ எடுத்துக்கொண்டு பேசுவேன் என்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். தமிழ்ப் பண்டிதனிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது! ஆயினும் இவ்வாண்டு குழுவின்முன் வந்துள்ள ஒரு தீர்மானம் என்னை வேறு பொருளுக்கு இழுத்துவிட்டது. நம் நூல்நிலையத்தில் நாவல்கள் உள்ள இரண்டு அலமாரிகளையும் பூட்டிவைத்து, 18 வயது நிரம்பாதவர்களுக்கு அவற்றைக் கொடுத்தலாகாது என்றும், மணமாகாத பெண்களாயின் எவ்வயதினராயினும் தந்தையார் கையொப்பமிட்ட சீட்டின்றிக் கொடுத்தலாகாது என்றும் அத்தீர்மானம் கூறுகின்றது. அதனைக் கொண்டுவந்த பெரியவர் என் மதிப்பிற்குரியவர். பிள்ளைகள் கெட்டுவிடலாகாதே என்னும் கவலையினாலன்றி வேறெதனாலும் அவர் அதனைக் கொண்டுவரவில்லை. அக்கவலை எனக்கும் உண்டு. 11-ஆம் வகுப்பிற் பயிலும் மகளும் 7-ஆம் வகுப்பிற் பயிலும் மகனும் எனக்கு இருக்கின்றனர். ஆகவே இன்று யான் பேசுவது பண்டிதன் என்ற முறையிலன்று, தகப்பன் என்ற முறையில் என்று கொள்ளுமாறு வேண்டுகின்றேன்.

நாவல் என்றாலே முகஞ்சுளிக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் ஒழியவில்லை. அவ்வழக்கத்தை வளர்த்ததில் எம்போன்ற பண்டிதர்க்கும் பங்குண்டு. ஆனால் வரலாறு வேறுவிதமாக இருக்கின்றது. 1879-இல் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ என்னும் முதல் தமிழ் நாவலை வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை அவர்கள், பொழுதுபோக்குக்கு ஏதோ கிறுக்கியவர் அல்லர், மாவட்ட முன்சீப் பதவியில் இருந்து நீதி வழங்கியவர், ‘நீதிநூல்’ இயற்றியவர். தனித்தமிழ் இயக்கத்தின் தலைவராகிய மறைமலையடிகளே ‘குமுதவல்லி’ என்னும் நாவலை ரெயினால்ட்ஸ் என்னும் ஆங்கிலேயர் எழுதிய கதையைத் தழுவி 1911-இல் எழுதினார். பின்னர்க் ‘கோகிலாம்பாள் கடிதங்கள்’ என்று மற்றொன்றும் செய்தார். அடிகள் கைக்கு உகந்தது நம் பிள்ளைகள் கைக்கு ஆகாதோ? இராஜமையர் ‘கமலாம்பாள் சரித்திர’த்தில் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்று ஒரு தமிழ் வித்துவானைப் படைத்து, எம் குலத்தையே நகைத்து வைத்திருக்கின்றார். அதனைப் படிக்குந்தோறும் என் மேற்சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வேன்! ஆயினும் அந்நகையில் நஞ்சில்லை. 26 வயதில் 1898-இல் மறைந்த ஓர் இளைஞரின் எழுத்து அது என்பதை நினைக்க வியப்பே மிகுகின்றது.

இனி, இளைஞர்க்குரிய நாவல், பெரியோர்க்குரிய நாவல் என்று பிரிக்கின்றோமே, அந்த வரப்பை யார் போட்டார்கள் என்று பார்ப்போம். 1719-இல் வெளிவந்த ‘இராபின்சன் குரூசோ’வும் 1726-இல் வெளிவந்த ‘கலிவரின் யாத்திரை’யும் பிள்ளைகளை நினைத்து எழுதப்பட்டவை அல்ல. பின்னது அக்காலத்து அரசியலாரைச் சாடிய நூல். பிள்ளைகள் தாமே சென்று அவற்றைப் பற்றிக்கொண்டனர். பிரெஞ்சு அறிஞர் ரூஸோ 1762-இல் கல்வியைப் பற்றி எழுதிய ‘எமில்’ என்னும் நூலில், தம் மாணவன் முதன்முதற் படிக்கவேண்டிய ஒரே புத்தகமாகக் குரூசோவைத்தான் தேர்ந்தார். நம்மிடத்தில் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழில் வந்தபொழுது, ஒரே இதழுக்குப் பாட்டியும் பேரனும் காத்திருந்த வீடுகள் பல. அந்நாவலில் கொலை உண்டு, சூழ்ச்சி உண்டு, வஞ்சினம் உண்டு. அதைப் படித்துக் கெட்டவன் என்று ஒருவனையும் யான் கண்டதில்லை. ஆசிரியன் என்ற முறையில் எனக்குள்ள குறை வேறு: நந்தினி என்பவள் கல்கியின் கற்பனைப் படைப்பு என்பதறியாமல் வரலாற்றுத் தேர்வில் அவள் பெயரை எழுதிவைக்கும் மாணவர் இன்றும் இருக்கின்றனர். வந்தியத்தேவன் பெயர் தஞ்சைக் கல்வெட்டில் இருக்கின்றது. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் பெயர்களை உடையார்குடிக் கல்வெட்டுக் கூறுகின்றது. கல்கி அவர்களே கதையின் முடிவுரையில் வரலாற்றுக் கதைக்கும் கற்பனைக் கதைக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றி எழுதியிருக்கின்றார். ஆனால் நம் பிள்ளைகள் முடிவுரை வரை செல்வதில்லை. இது பூட்டினால் தீரும் குறை அன்று. உடனிருந்து இரண்டு வார்த்தை சொன்னால் தீர்ந்துவிடும்.

சிறுவர்க்கென்றே எழுதப்பட்ட நாவல்களைப் பற்றியும் என் கருத்தை ஒளிக்காமற் சொல்லிவிடுகின்றேன். அவற்றுட் பல எனக்குப் பிடிப்பதில்லை. பக்கத்திற்கு ஓர் அறவுரை. ஒரு நல்ல பையன், ஒரு கெட்ட பையன். கெட்டவன் மரத்திலிருந்து விழுந்து திருந்துவான். பெற்றோர்க்கு இத்தகைய புத்தகம் மிகவும் பிடிக்கும். பிள்ளைகளோ இரண்டாம் பக்கத்திலேயே மூடிவிடுவர். இதற்கு மாறாக, கி. ராஜநாராயணன் எழுதிய ‘பிஞ்சுகள்’ என்னும் குறுநாவலை என் மகனிடம் கொடுத்தேன். கரிசற்காட்டில் பறவைகளைத் தேடித் திரியும் வெங்கடேசு என்னும் சிறுவனுடைய கதை அது. அறவுரை ஒன்றும் இல்லை. படித்து முடித்தபின் என் மகன் மாடியில் ஒரு தட்டில் தண்ணீர் வைத்து, என்னென்ன குருவி வருகின்றது என்று குறிப்பேட்டில் எழுதலானான். 2023-இல் சாகித்திய அகாதெமியின் பாலசாகித்திய விருது பெற்ற உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’யும் அத்தகையதே. விடுமுறைக்குக் கீழடிக்கு வரும் இக்காலத்துச் சிறுவன் ஒருவனைப் பழங்காலத்துச் சிறுவனோடு அது சேர்த்துவைக்கின்றது. யான் வகுப்பறையில் மூன்று நாள் சொல்லியும் ஏறாத கீழடி, அவ்வொரு புத்தகத்தால் ஏறிற்று. நம் நூல்நிலையத்தில் இவை இரண்டும் இல்லை. சிறுவர்க்கென்று இருப்பவை ஐந்தே புத்தகங்கள். அவற்றிலும் மூன்றில் அட்டை இல்லை. பூட்டு வாங்கப் பணம் ஒதுக்குமுன் இதனைக் குழு எண்ணிப்பார்த்தல் நலம்.

இப்பொழுது தீர்மானத்தின் உயிர்நிலைக்கு வருகின்றேன். கொலையும் காமமும் பேசும் நாவல்களை 15, 16 வயதுப் பிள்ளைகள் படிக்கலாமா? இதற்கு விடையாக இரண்டு நாவல்களைச் சொல்வேன்.

ஒன்று, பூமணி 1982-இல் வெளியிட்ட ‘வெக்கை’. 15 வயதுச் சிறுவன் சிதம்பரம், தன் அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு ஓடுகின்றான். கையை மட்டும் வெட்டவே நினைத்தான், உயிர் போய்விட்டது. அதன்பின் அவனும் அவன் தகப்பனும் காடு கரையெல்லாம் ஒளிந்து திரிவதே கதை. 2019-இல் ‘அசுரன்’ என்னும் திரைப்படமாக இது வந்தபொழுது, நம் பையன்கள் கூட்டங்கூட்டமாகச் சென்று பார்த்து, கையில் அரிவாள் பிடிப்பதுபோல் நடித்துக்காட்டினர். நாவலைப் படித்தவன் அவ்வாறு நடிக்கமாட்டான். அதில் வெட்டு முதலிலேயே முடிந்துவிடுகின்றது. மிஞ்சுவதெல்லாம் பசி, தாகம், இலைச் சலசலப்புக்கு அஞ்சும் அச்சம், வீட்டில் தாய் என்ன பாடுபடுகின்றாளோ என்னும் ஏக்கம். அந்தத் தகப்பன் மகனை ஓர் இடத்திலும் உதறிவிடவில்லை. அவனுக்குச் சோறு ஆக்கித் தருகின்றான். இறுதியில் நீதிமன்றத்துக்கு அழைத்துக்கொண்டு போகின்றான். சண்டைக்கு விரையும் வயதிலுள்ள பையனுக்கு இதனினும் தக்க புத்தகம் எது? அது பூட்டவேண்டிய அலமாரியில் இருக்கின்றது.

மற்றொன்று, ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. இதன் வித்து 1966-இல் ஆனந்த விகடனில் வந்த ‘அக்கினிப் பிரவேசம்’ என்னும் சிறுகதை. மழையில் நின்ற கல்லூரிப் பெண் ஒருத்தி முன்பின் அறியாதவன் காரில் ஏறிக் கேட்டுக்கு உள்ளாகி வீடு திரும்புகின்றாள். தாய் அவளை நீராட்டி, உன்மேல் மாசில்லை என்று சொல்லி அணைத்துக்கொள்கின்றாள். அக்காலத்தில் இது பெரும் புயலை எழுப்பிற்று. 1970-இல் நூலாகிய நாவலில் ஜெயகாந்தன் கதையைத் திருப்பிக் கேட்டார்: தாய் அவ்வாறு செய்யாமல் ஊர் அறிய அலறியிருந்தால்? அண்ணன் அவளை வீட்டைவிட்டுத் துரத்துகின்றான். ஆதரவு தருவதாகச் சொல்லும் மாமனே அவள்மேல் கெட்ட கண் வைக்கின்றான். கங்கையின் வாழ்வு முழுதும் அவ்வொரு மாலைப்பொழுதின் நிழலிலேயே கழிகின்றது. இந்நாவலுக்கு 1972-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

பெரியோர்களே, இந்நாவல் பெண்பிள்ளைகளுக்கு ஆகாது என்று சொல்வோர், அது உண்மையில் யாரைப் பார்த்துப் பேசுகின்றது என்பதை உணரவில்லை. அது பேசுவது நம்மைப் பார்த்து. நாளை நம் மகள் ஒருத்திக்குத் தீங்கு நேர்ந்தால், அவள் நம்மிடம் வந்து சொல்வாளா, ஒளிப்பாளா? சொன்னால் நீரெடுத்து வருவோமா, அலறுவோமா? இக்கேள்வியை என் மகளிடம் நேரிற் கேட்க எனக்கு நா எழுந்ததில்லை. சென்ற கோடை விடுமுறையில் இந்நாவலை அவளும், அவள் தாயும், யானும் ஒருவர்பின் ஒருவராகப் படித்தோம். மூவரும் படித்து முடித்த அன்று இரவு, “அந்த அம்மா மட்டும் முதற்கதையில் மாதிரி இருந்திருந்தால் இவ்வளவும் இல்லையே, அப்பா” என்றாள் மகள். “நீ எப்போது வந்து சொன்னாலும் நான் முதற்கதை அம்மாதான்” என்றாள் அவள் தாய். யான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவேண்டுவதும் இருக்கவில்லை. பத்து அறவுரை நூல்களால் எங்கள் வீட்டில் நடவாத பேச்சு அது.

அவ்வாறாயின் எல்லா நாவலையும் எல்லோர்க்கும் கொடுக்கலாமா என்றால், அதுவும் அன்று. தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ என் மேசைமேல் இருக்கின்றது. மகள் கேட்டாள், இன்னும் சில ஆண்டு செல்லட்டும் என்றேன். அது தீய நூல் என்பதாலன்று. நடுவயதினரின் வேட்கையையும் களைப்பையும் சுமக்க, நடுவயதின் அனுபவம் சிறிதேனும் வேண்டும். அஃதின்றிப் படித்தால் நிகழ்ச்சி மட்டும் தெரியும், வாழ்க்கை தெரியாது. ‘கமலாம்பாள் சரித்திர’த்தின் பிற்பகுதியும் அத்தகையதே. இளமையில் யான் அதனைத் தாண்டித் தாண்டிப் படித்தேன். இப்பொழுது அப்பகுதிதான் என்னை நிறுத்துகின்றது.

யான் உண்மையில் அஞ்சுவது வேறொரு வகையை. அட்டையில் ‘குடும்ப நாவல்’ என்று இருக்கும். உள்ளே ஓர் ஆபாசச் சொல்லும் இராது. கதையிலோ, வேண்டாம் வேண்டாம் என்னும் பெண்ணை ஒருவன் விடாது துரத்துவான், மிரட்டுவான், கையைப் பற்றி இழுப்பான். கடைசி அத்தியாயத்தில் அவள் அவனையே மணந்து, அதுவே காதல் என்று மகிழ்வாள். தவறு செய்தவனுக்கு ஒரு துன்பமும் இல்லை. பட்டவளுக்கு ஒரு வடுவும் இல்லை. தவற்றைக் காட்டும் நாவலினும், தவற்றைத் தித்திக்கச் செய்யும் நாவலே இளம் உள்ளத்துக்குக் கேடு. இத்தகையவை நம் பிள்ளைகளின் கைப்பேசியில் தொடர்கதையாக நாள்தோறும் வருகின்றன. அலமாரிக்குப் பூட்டுண்டு, அதற்கு எங்கே பூட்டு? இவற்றை முன்னரே நன்னாவல் நாலு படித்தவள்தான் இனங்கண்டு ஒதுக்குவாள்.

பெண்பிள்ளைகளுக்குத் தந்தையின் சீட்டு என்னும் விதியை யான் முழுதும் மறுக்கின்றேன். வேதநாயகம் பிள்ளை அவர்கள் 1879-இலேயே ஞானாம்பாளை ஆண்வேடத்தில் அரியணை ஏற்றி நாடாளச் செய்தார். பள்ளிக்கூடம் சென்று பயிலாத வை. மு. கோதைநாயகி அம்மாள் நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதி, ‘ஜகன்மோகினி’ என்னும் இதழையும் நடத்தினார். நம் வீடுகளில் நாவல் படிப்பவர் பெரும்பாலும் தாய்மார். தந்தையரிற் பலர் செய்தித்தாளுக்கு அப்பால் சென்றதில்லை. படியாதவர் கையொப்பமிட்டுப் படிப்பவருக்கு அனுமதி தருவதென்பது யாங்ஙனம் பொருந்தும்? மேலும், ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலைப் பெண்ணைக் காட்டிலும் ஆண்பிள்ளையே முதலிற் படிக்கவேண்டும். அவனுக்கு ஏன் சீட்டில்லை?

ஆகவே தீர்மானத்திற்குத் திருத்தமாக மூன்று கோரிக்கைகளைக் குழுவின்முன் வைக்கின்றேன். பூட்டுக்கு ஒதுக்கிய தொகையில் சிறுவர் நாவல்கள் வாங்கப்படுதல் வேண்டும்; பட்டியலை அடுத்த கூட்டத்திற்குள் எழுதித் தருவேன். அலமாரியின் அருகில் ஒரு குறிப்பேடு வைத்து, நாவலைப் படித்து முடித்த பெற்றோர் எவரும் அது எவ்வயதினர்க்கு ஏற்கும் என்று இரண்டு வரி எழுதிவைத்தல் வேண்டும், பெயர் எழுதவேண்டுவதில்லை. ‘வெக்கை’யும் ‘சில நேரங்களில் சில மனிதர்க’ளும் இரண்டிரண்டு படிகளாக வாங்கி, பிள்ளைக்கு ஒன்று, பெற்றோர்க்கு ஒன்று என்று ஒரே நாளிற் கொடுத்தல் வேண்டும்.

தீர்மானம் கொண்டுவந்த பெரியவர் இந்நாவல்களைத் தாம் இன்னும் படிக்கவில்லை என்று நேற்று என்னிடம் வெளிப்படையாகவே கூறினார்கள். என் சொந்தப் படிகள் இரண்டையும் கொணர்ந்துள்ளேன்; கூட்டம் முடிந்ததும் அவர்களிடம் கொடுப்பேன். எனக்கு அளித்த நேரத்தில் இன்னும் ஐந்து நிமிடம் மிஞ்சியிருக்கின்றது. மாதர் பிரிவின் சார்பில் அடுத்துப் பேசவிருக்கும் அம்மையார், யான் கூறியதை மறுக்கவேண்டுமாயின் அதனையும் சேர்த்து எடுத்துக்கொள்வார்களாக.