தேனீ உமருக்கு ஒரு கையெழுத்து

ராயபுரம் கல்மண்டபம் வட்டாரத்துப் பெரியவர்களே, தண்டையார்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் மாணவச் செல்வங்களே, காசிமேட்டில் ஏலம் முடித்துக் குளித்துவிட்டு முன்வரிசையைப் பிடித்துவிட்ட அண்ணன்மார்களே, கடை வாசலில் நின்றபடியே கேட்கும் தாய்மார்களே, வணக்கம். பத்து மணிக்கு மைக்கை நிறுத்த வேண்டும். தலைவர் ஒன்பதுக்கே துண்டுச்சீட்டு அனுப்பிவிடுவார், அவர் கை இப்போதே பேனாவைத் தேடுகிறது.

தலைப்பு 'கணினித் தமிழ்'. அதைப் பார்த்ததும் பாதிப் பேர் டீக்கடைப் பக்கம் திரும்பியது தெரிகிறது. உட்காருங்கள். இது ஒரு சாவைப் பற்றிய பேச்சு.

நம் பக்கத்தில் சாவு விழுந்தால் என்ன நடக்கும்? குப்பத்தில் ஒருவர் கண்ணை மூடினால் அன்றைக்குப் படகு கடலுக்குப் போகாது. டீசல் ஊற்றி, ஐஸ் ஏற்றி வைத்திருந்தாலும் போகாது. ராத்திரி பந்தலில் மரண கானா. செத்தவர் யாருக்கு உதவினார், யாரிடம் சண்டை போட்டார், எல்லாம் பாட்டில் வந்துவிடும். விடிந்தால் தெருமுனையில் பிளெக்ஸ். அதில் செத்தவர் படம் தபால்தலை அளவு, கண்ணீர் அஞ்சலி செலுத்துகிறவர் படம் ஆளுயரம்! கைதட்டுகிறீர்கள். எந்த பிளெக்ஸ் என்று புரிந்துவிட்டது போலிருக்கிறது. பெயர் வேண்டாம், அவர்கள் ஆள் ஒருவர் பின்னால் நின்று செல்போனில் பதிவு செய்துகொண்டிருக்கிறார். நன்றாகப் பதிவு செய்யட்டும்.

2006 ஜூலை 12. தஞ்சை மாவட்டம் அதிராம்பட்டினத்துக்காரர் ஒருவர் இறந்துபோனார். வயது 53. அவர் முகத்தை ஒருமுறைகூடப் பார்த்திராத தமிழர்கள் பல நாடுகளிலிருந்து அவருக்கு அஞ்சலி எழுதினார்கள். எழுதியது தமிழில். அந்தத் தமிழைத் திரையில் தெரிய வைத்தவர்களில் ஒருவர், செத்துப்போன அதே மனிதர். பெயர் கொஞ்சம் பொறுத்து வரும்.

அதற்கு முன் டி.டி.பி. சென்டருக்கு ஒரு நடை போய் வரலாம். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்து அச்சடித்தால் அழகாகத்தான் இருக்கும். அதே கோப்பைப் பாமினி இல்லாத கணினியில் திறந்து பாருங்கள். ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி! அவ்வளவுதான் நம் செம்மொழி. கல்யாணப் பத்திரிகையை ஒரு கடையில் அடித்து இன்னொரு கடையில் திருத்தப் போனால் மாப்பிள்ளை பெயரே காணாமல் போகும். காரணம் எளிது. கணினிக்கு உள்ளே இருந்தது ஆங்கில எழுத்து, மேலே போர்த்தியிருந்தது தமிழ் வேஷம். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வேஷம், ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு வேஷம்.

யூனிகோடு, அதாவது ஒருங்குறி, 1991இலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு கட்டத்தை ஒதுக்கிவிட்டது. மனை பட்டா ஆகிவிட்டது, வீடுதான் கட்டவில்லை. பல வருஷம் கழித்தும் பெரும்பாலான வீடுகளில் இருந்தது விண்டோஸ் 98. அதற்குக் கொம்பையும் காலையும் உரிய இடத்தில் மாட்டத் தெரியாது. 'கொ' என்று எழுதினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், 'க' நடுத்தெருவில்.

இந்த இடத்தில்தான் அந்த அதிராம்பட்டினத்துக்காரர் வருகிறார். அவர் கை ரேடியோவும் டி.வி.யும் பழுது பார்த்த கை, சால்டரிங் அயர்ன் பிடித்த கை. பிழைப்புக்கு துபாய் போனவர், கணினியைத் தானே கற்றுக்கொண்டவர். 'தேனீ' என்று ஓர் ஒருங்குறி எழுத்துருவைச் செய்தார். அதை இயங்கு எழுத்துருவாகவும் ஆக்கினார். பக்கத்தைத் திறந்தால் எழுத்துருவும் கூடவே இறங்கி வரும். படிக்கிறவர் எதையும் தேடிப் பதிய வேண்டாம், பழைய கணினியானாலும் தமிழ் தமிழாகத் தெரியும். 'வைகை' என்று இன்னொன்று. பழைய குறியாக்கங்களை ஒருங்குறிக்கு மாற்ற ஒரு கருவி. ஆங்கில ஒலியில் தட்டினால் தமிழில் எழுதும் செயலி. ஓர் அகராதி. விலை என்ன என்று கேட்கிறார் முன்வரிசை அண்ணன். விலை இல்லை அண்ணே! இனாம்.

அந்தக் காலத்தில்தான் தமிழனுக்கே தமிழ் எழுத்தை விலை போட்டு விற்றவர்கள் இருந்தார்கள். மேடையேறித் தமிழே மூச்சு என்பார்கள், இறங்கி வந்து மூச்சுக்கு ரசீது கொடுப்பார்கள். உழைப்புக்குக் கூலி கேட்பது தப்பில்லை, இந்த வட்டாரத்தில் நின்றுகொண்டு அப்படிச் சொன்னால் தொழிற்சங்கத்து அண்ணன்கள் மைக்கைப் பிடுங்கிவிடுவார்கள். ஆனால் அவனவன் எழுத்து அடுத்தவன் கணினியில் திறக்கக் கூடாது என்று பூட்டு வைத்தார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. இதைப் பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும். விடுவோம்.

விலை கேட்காமல் உழைத்த கைகளை நம் கரையிலேயே பார்த்திருக்கிறோம். 2017 ஜனவரி 28 ஞாபகம் இருக்கிறதா? எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. எர்ணாவூர்க் கரையெல்லாம் கரி எண்ணெய். ராக்கெட் விடுகிற நாட்டில் அதை எதால் அள்ளினார்கள்? வாளியால்! வாளி பிடித்தவர்களில் கடலோரக் காவல்படை இருந்தது, மீனவர் இருந்தார்கள், காலேஜ் பையன்கள் இருந்தார்கள். முழங்கால்வரை எண்ணெய் அப்பிக்கொண்டு நின்ற அந்தப் பையன் டெண்டர் எடுத்தா வந்தான்? கைதட்டல் அந்தப் பையனுக்கு. இன்னும் பலமாக!

கணினி உலகத்திலும் வாளிக்காரர்கள் உண்டு. அமெரிக்காவில் இயன் மர்டாக் என்றொரு கல்லூரி மாணவர், 1993இல் டெபியன் என்ற இயங்குதளத்தைத் தொடங்கினார். காதலி டெப்ராவின் பெயரில் பாதி, தன் பெயர் முழுசு, சேர்த்தால் டெபியன். பிளெக்ஸ்காரர்கள் கவனிக்க: பெயர் வைத்தவர் காதலியை முன்னால் போட்டார்! உலகமெங்குமிருந்து தன்னார்வலர்கள் சேர்ந்தார்கள், சம்பளம் இல்லாமல். 2015 டிசம்பர் 28 அன்று அவர் இறந்தார். 2017இல் வந்த டெபியன் ஒன்பதாம் பதிப்பை அவருக்கே காணிக்கையாக்கினார்கள். அவர்கள் கட்டிய பந்தல் அது. எவன் படமும் ஆளுயரத்தில் இல்லை.

இதற்கும் ராயபுரத்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? சென்னை சி-டாக் நிறுவனம் அந்த டெபியனை வைத்துத்தான் 'பாஸ்' என்ற இயங்குதளத்தைச் செய்தது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அதுவும் பிள்ளைகள் கைக்கு வந்தது. நம் திருவொற்றியூர்ப் பிள்ளைகள் வாங்கிவந்த முதல் நாளே என்ன செய்தார்கள்? கடைக்குக் கொண்டுபோய் பாஸை அழித்துவிட்டு கேம்ஸ் ஏற்றினார்கள். சிரிக்கிறீர்களே, தம்பிகளா, அழித்தவர்கள் நீங்கள்தானே!

சீட்டு வந்துவிட்டது. தலைவருக்கு நன்றி. பெயரைச் சொல்லிவிட்டு இறங்கிவிடலாம்.

உமர்தம்பி. நண்பர்களுக்குத் தேனீ உமர். இந்தக் கூட்டத்தில் இந்தப் பெயரை முன்பே அறிந்தவர்கள் கை தூக்குங்கள். மூன்று... நான்கு. ஒலிபெருக்கிக்காரர் தூக்கியதைச் சேர்த்தால் ஐந்து. உங்கள் மேல் கோபமில்லை. அவருடைய எழுத்தில் படித்தவர்களுக்கே அவர் பெயர் தெரியாமல் போனதுதான் இந்த மேடையின் வருத்தம். அன்று அந்த அஞ்சலிகளை எழுதியவர்கள் மறக்கவில்லை. 2010 ஜூனில் கோவைச் செம்மொழி மாநாட்டோடு நடந்த தமிழ் இணைய மாநாட்டில் ஓர் அரங்குக்கு அவர் பெயர் வைத்தார்கள். தமிழக அரசு ஒருங்குறியைத் தன் தரமாக ஏற்று ஆணை போட்டதும் அதே ஜூனில்தான். பார்க்க அவர் இல்லை, போய் ஏறத்தாழ நான்கு வருஷம் ஆகியிருந்தது.

நம் வட்டாரக் கிளை நூலகத்தில் கணினி வைத்த மூலை ஒன்று இருக்கிறது. இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி. அந்த மூலைக்கு 'உமர்தம்பி கணினிப் பகுதி' என்று பெயர் வைக்க வேண்டும் என்று மனு தயார் செய்திருக்கிறோம். மேடைக்கு வலப்பக்கம், சுண்டல் விற்கிறாரே, அவருக்கு அடுத்த மேசையில் இருக்கிறது. போகும்போது எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். மனு ஒருங்குறியில்தான் அடித்திருக்கிறது, எந்த அதிகாரி கணினியிலும் திறக்கும்.