கிளம்ப மறுக்கும் கார்



நம்மில் சிலர் இன்னும் பழைய கார் வைத்திருக்கிறீர்கள். ஞாயிறு காலையில் அதை நாலு பேர் தள்ளும் சத்தம் கோயில் மணிக்கு முன்பே என்னை எழுப்பிவிடுகிறது! வேடிக்கை இருக்கட்டும். நள்ளிரவில் அவஸ்தை கொடுக்க என்னை அழைத்துப்போக வருகிறவரின் கார் பாதி வழியில் நின்றால், அங்கே ஓர் ஆன்மா காத்திருக்கிறது. ஆகவே இரண்டொரு வார்த்தை.

1961 முதல் 1971 வரை நம் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டை எடுத்துக்கொள்வோம். முன்மூடியைச் சாய்த்தால் எஞ்சின் முழுவதும் கண்முன் நிற்கும். ரிப்பேர் பழக இதைவிட நல்ல கார் இல்லை என்பேன். அக்காலக் கார்களில் டைனமோதான். வண்டி மெதுவாக ஓடினால் பாட்டரிக்குப் போதிய சார்ஜ் ஏறாது. கிண்டி வரை மட்டும் போய்வரும் கார் காலையில் முரண்டு பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பாட்டரி முனைகளில் பூத்த வெண்பொடியை, இணைப்பைக் கழற்றிவிட்டு வெந்நீரால் கழுவுங்கள். மழைநாளில் டிஸ்டிரிபியூட்டர் மூடியின் உட்புறத்தை உலர்ந்த துணியால் துடையுங்கள். அதை விட்டு ஸ்டார்ட்டரையே இழுத்துக்கொண்டிருந்தால், மிச்ச சார்ஜும் தீரும், பிளக்குகளும் பெட்ரோலில் நனையும்.

2015 டிசம்பரில் அடையாறு நம் தெருக்களுக்குள் புகுந்ததே, அப்படி மூழ்கிய காரின் சங்கதி வேறு. சாவியைத் தொடவே கூடாது. சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் காற்றைப்போல் அமுங்காது. பிஸ்டன் அதில் முட்டினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, பழைய எஞ்சினில் கை பழகிய மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அவர் கேட்கும் கூலியில் பேரம் வேண்டாம்.