இரட்டை எழுத்து நாணயம்: தவறு அச்சிலா, அடியிலா?

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



லைட்ஹவுஸ் குப்பத்தில் இப்போது பிள்ளைகள் கையில் சில்லறை கிடைத்தால் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். எழுத்து இரண்டாகத் தெரிகிற நாணயத்துக்கு லட்சக்கணக்கில் விலை கிடைக்கும் என்று கைபேசியில் வருகிற காணொலிகள்தான் காரணம். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கொண்டுவந்த 5 ரூபாய் நாணயத்தில் ஆண்டு எண்ணையொட்டி நிழல்போல இன்னொரு எண் தெரிந்தது. அவளுடைய அப்பா அதைப் படம் பிடித்து யாருக்கோ அனுப்பியிருக்கிறார். “வாங்கிக்கொள்கிறோம், முதலில் பதிவுக் கட்டணம் 2,000 ரூபாய் கட்டுங்கள்” என்று பதில் வந்திருக்கிறது. மீன்பாடு குறைந்திருந்த மாதம் அது.

“எல்லாம் ஏமாற்று வேலை” என்று சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் அது முழு உண்மை இல்லையே. இரட்டை எழுத்தால் உண்மையிலேயே விலை ஏறிய நாணயங்கள் உண்டு. 1955இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நாணயச்சாலையில் வந்த லிங்கன் ஒரு சென்ட் காசில் ஆண்டும் எழுத்துகளும் வெறுங்கண்ணுக்கே இரண்டாகத் தெரியும். 20,000க்கும் மேற்பட்ட காசுகள் அப்படியே புழக்கத்துக்குப் போய்விட்டன. சேகரிப்பவர்கள் அதை ‘டபுள்டு டை’ என்கிறார்கள். டை என்றால் அச்சு.

நம் தலைமையாசிரியர் மேசையில் இருக்கும் ரப்பர் முத்திரையை நினைத்துக்கொள்ளுங்கள். ரப்பரிலேயே எழுத்து இரட்டையாக வார்க்கப்பட்டிருந்தால், அன்று குத்துகிற எல்லாச் சான்றிதழிலும் அதே இரட்டை எழுத்து, அதே இடத்தில், அதே அளவில் விழும். இது டபுள்டு டை. முத்திரை சரியாக இருந்து, குத்திவிட்டு எடுக்கும்போது கை வழுக்கினால் அந்த ஒரு தாளில் மட்டும் எழுத்து இழுபட்டிருக்கும். இது மெஷின் டப்ளிங். முதலாவது அச்சின் தவறு. இரண்டாவது அடிக்கும்போது நேர்வது; அதற்குக் கூடுதல் விலை கிடையாது.

அச்சில் எப்படி இரட்டை விழுகிறது? நாணயத்தில் இருப்பது போலவே மேடான உருவம் கொண்ட ‘ஹப்’ என்ற எஃகுத் துண்டை வெற்று எஃகில் அழுத்தித்தான் அச்சு செய்வார்கள். ஒரே அழுத்தில் உருவம் முழுதாகப் பதியாததால், எஃகைச் சூடாக்கி இளக்கி மறுபடியும் அழுத்துவது பழைய முறை. இரண்டாம் முறை சற்றே திரும்பியிருந்தால் அச்சில் இரண்டு உருவம்.

இதைச் சிப்பியும் களிமண்ணும் வைத்து வகுப்பில் செய்து காட்டினேன். சிப்பிதான் ஹப். களிமண்ணில் ஒருமுறை அழுத்தி, கொஞ்சம் திருப்பி மறுபடி லேசாக அழுத்தினால் அச்சு தயார். காய்ந்ததும் அதில் சப்பாத்தி மாவை அழுத்தி எடுத்தால், எத்தனை எடுத்தாலும் எல்லாவற்றிலும் இரட்டை வரி. பிறகு, சரியான அச்சில் மாவை அழுத்தி, எடுக்கும்போது அச்சைப் பக்கவாட்டில் நகர்த்தச் சொன்னேன். வரிகளின் ஓரம் நசுங்கிப் படி விழுந்தது. ஒவ்வொரு பிள்ளையின் மாவிலும் ஒவ்வொரு மாதிரி. (ஏரிச் சேறு வேண்டாம். மணல் கலந்திருப்பதால் உதிர்ந்துவிடுகிறது.)

அதற்குப் பிறகுதான் லென்ஸைக் கொடுத்தேன். ஆய்வகத்துக் குவிலென்ஸே போதும். உண்மையான டபுள்டு டையில் இரண்டு எழுத்தும் உருண்டு மேடாக இருக்கும், எழுத்தின் முனை பிளந்து தெரியும், எழுத்து வழக்கத்தைவிடத் தடித்திருக்கும். மெஷின் டப்ளிங்கில் நிழல் தட்டையாக, வாசற்படி போலத் தாழ்ந்து பளபளக்கும். இங்கே புதிதாக எதுவும் சேரவில்லை. இருந்த எழுத்தின் ஓரம்தான் நசுங்கியிருக்கிறது. அதனால் மேலே நிற்கும் எழுத்து மெலிந்துவிடும். என்னைக் கேட்டால் இந்தத் தடிமன் சோதனைதான் பிள்ளைகளுக்கு மிக எளிது, ஒப்பிட அதே ஆண்டு நாணயம் இன்னொன்று இருந்தால் போதும். ஆண்டுக்குக் கீழே உள்ள குறியும் ஒன்றாக இருக்க வேண்டும்: மும்பைக்கு வைரம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி, கொல்கத்தாவுக்குக் குறி இல்லை.

மாணவி தன் நாணயத்தைத் தானே பார்த்தாள். “படி இருக்கு சார், எழுத்தும் ஒல்லியா இருக்கு” என்றாள். வீட்டில் அப்பாவுக்கும் லென்ஸில் காட்டியிருக்கிறாள். கட்டணம் கட்டவில்லை. பழைய நாணயம் வாங்கி விற்பதாகத் தன் பெயரைச் சொல்லிக் கட்டணமோ கமிஷனோ கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்திருப்பதையும் பெற்றோர் கூட்டத்தில் படித்துக் காட்டினேன்.

நம் பகுதிக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய ஜெல்ட்ரியா கோட்டையில் நாணயம் அடித்தார்கள். கம்பெனியின் மூன்று ஆங்கில எழுத்துகள் பொறித்த செப்புக்காசின் படத்தைக் காட்டினால், பிள்ளைகள் ‘வ.உ.சி.’ என்று படித்துச் சிரிக்கிறார்கள்! கையால் அச்சு வெட்டி, சுத்தியலால் அடித்த காசுகள் அவை. ஹப் இல்லாததால் இதுவரை சொன்ன அர்த்தத்தில் டபுள்டு டை அவற்றில் வராது. சுத்தியல் இரண்டாம் முறை விழும்போது காசு நகர்ந்திருந்தால் உருவம் இரண்டாக விழும். அது இரட்டை அடி. அப்படிப்பட்ட காசு மண்ணில் கிடைத்ததாக எந்தப் பிள்ளையாவது சொன்னால், புளி போட்டுத் தேய்க்காமல் அப்படியே வைக்கச் சொல்லுங்கள். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தக் கடிதத்தை எழுத நாம்தான் உதவ வேண்டியிருக்கும்.