வரவில்லாச் செலவு



மோட்டார் வண்டிகளைப் பற்றிய ஆங்கில நூல்களில் ‘டோட்டல் லாஸ்’ என்றொரு சொற்றொடர் வரும். அலுவலகக் காகிதங்களை மொழிபெயர்க்கும்போது ‘முழு இழப்பு’ என்று எழுதிப் பழகிய கை நமது. மோதி நொறுங்கிக் கைவிடப்பட்ட வண்டிக்கு அச்சொல் பொருந்தும். இயந்திர நூலிலோ பொருள் வேறு. பாட்டரியிலிருந்து மின்சாரத்தை எடுத்துக்கொண்டே ஓடி, திரும்ப ஒரு துளியும் அதில் சேர்க்காத ஏற்பாட்டுக்கு அப்பெயர். ‘வரவில்லாச் செலவு’ என்று நாம் அதனைத் தமிழாக்கிக்கொண்டோம். குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்பார்கள். எத்தனை மணி நேரத்தில் மாளும் என்று கணக்கிடும் வேலை 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் நமக்கு வாய்த்தது.

எம் தந்தையார் ஜாம்ஷெட்பூரில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்து, அங்கேயே ஓய்வு பெற்று, அங்கேயே காலமானவர். அவர் விட்டுச் சென்றவற்றுள் ஒன்று 1968-ஆம் ஆண்டின் அம்பாசிடர் வண்டி. கொட்டகையில் பல ஆண்டுகள் தூசி படிந்து கிடந்த அதனை, விடுமுறைதோறும் தில்லியிலிருந்து சென்று சிறிது சிறிதாகப் பழுது பார்த்துவந்தோம். பதிவையும் காப்பீட்டையும் புதுப்பித்தாயிற்று, பிரேக்கும் சரியாயிற்று. அந்நேரத்தில் வாடகை வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்யவேண்டி வந்தது. அன்னையார் காட்சிலாவில் இருக்கும் எம் தங்கை வீட்டுக்குப் போவதென்று முடிவாயிற்று. தொலைவு சுமார் 45 கிலோமீட்டர். வெளிமாநிலத்தில் வீடு காலி செய்தவர்களுக்கு அந்த நாட்களின் பரபரப்பை நாம் விளக்கவேண்டியதில்லை. அன்னையார் ஒன்றே ஒன்று கேட்டார்: “நான் அப்பா வண்டியிலதாண்டா போவேன்.”

வண்டியில் டைனமோ கருகிக் கிடந்தது. கம்பி சுற்றித் தர மூன்று வாரமாகும் என்றார் மிஸ்திரி.

டைனமோ இன்றி வண்டி ஓடுமா என்றால், ஓடும். உலகின் முதல் மோட்டார் வண்டிகளுள் ஒன்றே அப்படித்தான் ஓடியது. கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் தீப்பொறிக்குப் பாட்டரியும் காயிலும் இருந்தன. அதை நிரப்ப வண்டியில் ஏதுமில்லை. 1888-இல் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ் இரு மக்களுடன் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு, நூறு கிலோமீட்டருக்கும் மேல், அத்தகைய வண்டியில்தான் சென்றார். வழியில் வீஸ்லோக் என்னும் ஊரின் மருந்துக்கடையில் எரிபொருள் வாங்கினார் என்பது பலரும் அறிந்தது. எரிபொருளை வழியில் வாங்கலாம். பாட்டரியில் குறைந்ததை அக்கடையில் வாங்கமுடியாது என்பதை யாரும் சொல்வதில்லை.

பெட்ரோல் வண்டி ஓடும்போது மின்சாரம் தின்பது முக்கியமாக இக்னிஷன் காயில். பாயிண்ட் மூடியிருக்கும்போது அது ஏறக்குறைய 4 ஆம்பியர் இழுக்கும். பாயிண்ட் திறந்து மூடுவதால் சராசரி 3 ஆம்பியருக்குள் அடங்கும். ஆகவே ஒன்றரை மணி நேரப் பயணத்துக்கு நாலரை ஆம்பியர்-மணி போதும். ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் வரை விழுங்கும் அரக்கன். ஆனால் ஐந்து விநாடியே விழுங்குவதால் ஒருமுறைக்குக் கால் ஆம்பியர்-மணிக்குச் சற்று மேல்தான் ஆகும். பெரிய செலவாளி விளக்கே. 45 வாட் ஹெட்லைட் இரண்டும், பின்விளக்கு முதலியனவும் சேர்ந்து 10 ஆம்பியரை நெருங்கும்; அதாவது தீப்பொறியைப்போல் மும்மடங்கு. பகலில் போகிறவனுக்குக் கவலையில்லை.

எம்மிடமிருந்த பாட்டரியின் மேல் 50 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தது. எழுதியிருப்பதை நம்புவது எம் தொழிலின் குறை. மிஸ்திரி நம்பவில்லை. முழுதும் நிரப்பி, ஒரு 45 வாட் விளக்கை அதில் மாட்டி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். நான்கு மணி நேரத்தில் 11.5 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது. மணிக்கு ஏறத்தாழ 3.75 ஆம்பியர், நான்கால் பெருக்கினால் 15. ஐம்பதென்று பெயர் தாங்கி நின்றது பதினைந்து! தகடுகளில் கந்தகப்பூச்சு இறுகிப்போன பாட்டரிகளின் கதி அது. புதியது வாங்கியிருக்கலாம். வரவில்லாமல் அடிமட்டம்வரை வற்றவிட்டால் புதிய பாட்டரியும் கெடும், டைனமோ வந்தபின் வாங்குவோம் என்று நியாயம் சொல்லிக்கொண்டோம். நியாயத்தோடு கொஞ்சம் கஞ்சத்தனமும் கலந்திருந்தது.

மிஸ்திரி செய்த இரண்டு காரியங்களை இங்கே சொல்லியாக வேண்டும். டைனமோவைக் கழற்றியெறிய நாம் முற்பட்டபோது தடுத்தார். அவ்வண்டியில் ஒரே பெல்ட்தான் டைனமோவையும், தண்ணீர்ப் பம்பையும், விசிறியையும் சுற்றுகிறது. டைனமோவைத் தள்ளிவைத்துத்தான் பெல்ட்டை இறுக்குகிறார்கள். அதை எடுத்துவிட்டால் பெல்ட் தொய்ந்து, பாட்டரி தீருமுன் எஞ்சின் கொதித்துவிடும். ஆகவே செத்த டைனமோ வெறும் உருளையாகவே சுழலட்டும் என்று விட்டார். அடுத்து, அதன் மின்கம்பிகளைப் பிரித்து முனைகளுக்கு நாடா சுற்றினார். கட்-அவுட் ஒட்டிக்கொண்டால் பாட்டரி டைனமோவின் வழியாகவே வடிந்துபோகும் என்றார். படித்தவர்கள் நாம், இவ்விரண்டும் நமக்குத் தோன்றவில்லை.

பிற்பகல் இரண்டு மணிக்குப் புறப்பட்டோம். அன்னையார் முன்னிருக்கையில், வோல்ட்மீட்டர் அவர் மடியில். மூன்றரைக்குக் காட்சிலா என்பது கணக்கு. பாதி வழி கடந்ததும் ஒரு லாரி குறுக்கே சாய்ந்து கிடக்க, வண்டிகள் எறும்பென ஊர்ந்தன. நிற்கும்போதெல்லாம் சிக்கனமென்று எஞ்சினை நிறுத்தினோம். நகரும்போதெல்லாம் ஸ்டார்ட்டரை அழுத்தினோம். பிறகு உட்கார்ந்து கணக்கிட்டபோதுதான் தெரிந்தது: ஒருமுறை ஸ்டார்ட் செய்யும் செலவில் எஞ்சின் ஐந்தாறு நிமிடம் ஓடிக்கொண்டிருக்கும். அதற்குக் குறைவான நிறுத்தத்தில் அணைப்பது நட்டமே. ஒருமுறை எஞ்சினை நிறுத்தியபின் சாவியைத் திருப்ப மறந்தோம். பாயிண்ட் மூடியபடி நின்றதால் காயில் வீணாய்ச் சுட்டது. பிரேக்கில் கால் வைத்தே நின்ற பொழுதெல்லாம் பின்னால் சிவப்பு விளக்கு மேலும் மூன்றரை ஆம்பியர் தின்றது. சிறு ஓட்டைகள்தான். ஆனால் குடம் சிறியது.

கிழக்கே பொழுது விரைவில் சாயும் என்பதைத் தில்லிவாசியாகிய நாம் மறந்திருந்தோம். டிசம்பரில் அங்கே ஐந்து மணிக்கே சூரியன் மறைகிறான். கலூடியை நெருங்கும்போது இருட்டு கவிந்தது. ஹெட்லைட்டைப் போட்டோம். “பத்து புள்ளி ஒன்பதுன்னு காட்டுதுடா” என்றார் அன்னையார். வெளிச்சம் மஞ்சளாகி, பிறகு செந்நிறமாயிற்று, எஞ்சின் விக்கியது. காயிலுக்கும் விளக்குக்கும் பாட்டரி ஒன்றே ஆதலால் விளக்கு உண்ணும்போது தீப்பொறி மெலிகிறது. விளக்கை அணைத்தால் எஞ்சின் சீராக ஓடியது.

மீதியிருந்தது பத்துக் கிலோமீட்டர் அளவே. விளக்கில்லாமல் ஓடினால் இருபது நிமிடம். தீப்பொறிக்கு ஓர் ஆம்பியர்-மணி. அது பாட்டரியில் இருந்திருக்கும். உண்மையைச் சொன்னால், நெடுஞ்சாலையில் லாரிகளின் வெளிச்சத்தைப் பின்பற்றிப் போய்விடலாமென்ற எண்ணம் நம் மனத்தில் எழுந்தது. ஸ்டீயரிங்கைப் பிடித்த கை அரை நிமிடம் முடிவெடுக்கவில்லை. அன்னையார் வோல்ட்மீட்டரைப் பார்ப்பதை விட்டு நம் முகத்தைப் பார்த்தார். ஒரு தேநீர்க் கடையின் ஓரம் வண்டியை நிறுத்தினோம்.

தங்கையின் கணவருக்குத் தொலைபேசியில் சொன்னோம். ஒரு மணி நேரத்தில் அவர் தம் காரில், காட்சிலாக் கடையில் வாங்கிய புதிய பாட்டரியோடு வந்தார். “அம்மா, நீங்க என் வண்டில வந்துடுங்க” என்று அழைத்தார். அன்னையார் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு, “இவ்வளவு தூரம் வந்தாச்சு மாப்பிள்ளை” என்றார், எழுந்திருக்கவில்லை. பழைய பிரிட்டிஷ் அமைப்பு வண்டிகள் பலவற்றில் இன்றைய வழக்கத்துக்கு மாறாகப் பாட்டரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு சேரும். ஆதலால் முனைகளை இருமுறை பார்த்தபின் மாட்டினோம். விளக்குகள் வெண்மையாய் எரிந்தன. அந்தப் பத்துக் கிலோமீட்டருக்கு விளக்கும் தீப்பொறியுமாகச் செலவானது நாலரை ஆம்பியர்-மணிக்குள்தான்.

டைனமோ ஜனவரியில் வந்தது. மிஸ்திரியே காட்சிலாவுக்கு வந்து மாட்டினார். புதிதாய்ச் சுற்றிய டைனமோவுக்கு முதலில் பாட்டரியிலிருந்து ஒரு கணம் மின்சாரம் தொட்டுக் காட்டி, அதன் காந்தத்துக்குத் திசை கற்பிக்கவேண்டுமாம். பள்ளிக்கு முதல் நாள் அனுப்புவதுபோல என்றார். எஞ்சினை ஓடவிட்டு ஆக்ஸிலரேட்டரை மெல்ல மிதித்தோம். முகப்பிலிருந்த சிறிய சிவப்பு விளக்கு மங்கி, ஒருமுறை சிமிட்டி, அணைந்தது. அன்னையார் வாசலிலிருந்தபடியே, “என்னடா, விளக்கு போயிடுச்சா?” என்று கவலையோடு கேட்டார். போகத்தான் வேண்டும் அம்மா என்றோம்.