தண்டவாளத்தில் ஓடாத என்ஜின்
(ஆண்டு விழாச் சொற்பொழிவு)



'என்ஜின்' என்றால் நம் ரயில்வே காலனியில் வேறு பொருள் கொள்வார் இரார். இன்று நாம் பேசப் புகுவதோ தண்டவாளத்தில் ஓடாத என்ஜினைப் பற்றி. கணிப்பொறி விளையாட்டுகளில் உருவங்களை வரைந்து, ஒளியும் நிழலும் ஊட்டி, அசையச் செய்யும் மென்பொருளுக்குக் 'கேம் என்ஜின்' என்று பெயர். அன்ரியல், யூனிட்டி ஆகியன அவற்றுள் பெயர் பெற்றவை. அதனை ஆக்கிச் செப்பனிடுபவர் என்ஜின் புரோகிராமர். மகன் அவ்வேலைக்குப் போகிறான் எனக் கேட்டு, "விளையாட்டுப் பிள்ளை" என்று நகைக்கும் பெற்றோர் நம்மிடையே உளர். அவர்கள் பொருட்டே இவ்வுரை.

1.10.2023 அன்று லண்டன் வெம்பிளி அரங்கில் அட்லாண்டா, ஜாக்சன்வில் அணிகள் அமெரிக்கக் கால்பந்து ஆடின. அதே வேளையில், 'டாய் ஸ்டோரி' திரைப்படச் சிறுவனின் அறையில் பொம்மை உருவங்கள் அவ்வாட்டத்தையே ஆடுவதாக வேறோர் ஒளிபரப்பும் நடைபெற்றது. ஆட்டக்காரர்களின் தோட்கவசத்திலுள்ள சில்லுகள் அவர்கள் நிற்குமிடத்தை இடைவிடாது அறிவிக்க, உருவங்களும் அவ்வண்ணமே ஓடின.

நொடிக்கு 60 படம் காட்டவேண்டுமாயின், நொடியை ஆயிரமாகப் பகுத்து, அதில் ஏறத்தாழ 17 பங்குக்குள் ஒரு படம் முடிதல் வேண்டும். ஆட்டம் எவருக்காகவும் காத்திராது. அதுவுமன்றிக் காமிராப் படம், சில்லின் செய்தி, வர்ணனையாளர் குரல் ஆகியவை வெவ்வேறு நேரத்தில் வந்து சேரும். ஒவ்வொன்றிலும் நேரத்தைப் பொறித்து ஒருங்கிணைக்கிறார்கள். ஸ்டேஷன் கடிகாரங்கள் ஒத்துப்போகாவிடில் என்ன நேரும் என்பதை நமக்கு எவரும் சொல்லித் தரவேண்டுவதில்லை! பிந்தி வருவதற்காக, இணைப்பு வண்டியை நிறுத்துவதுபோல், ஒளிபரப்பையே சற்றுத் தாமதிப்பதுமுண்டு. மிகத் தாமதித்தாலோ, அடுத்த வீட்டு ஆரவாரம் நம் வீட்டுச் சிக்சருக்கு முன்பே கேட்டுவிடும். பார்ப்பவரே கோணத்தைத் தேர்ந்து பார்க்கும் ஒளிபரப்பிலோ, அவர் கேட்டதை அக்கணமே காட்டவும் வேண்டும்.

செய்தி இடையில் அற்றுப்போனால், முந்தைய வேகத்தைக் கொண்டு என்ஜின் ஊகித்து நிரப்பும். பொம்மை ஓரடி தள்ளி ஓடினால் குற்றமில்லை. தீர்ப்புச் சொல்லும் கருவிக்கு அவ்வுரிமை இல்லை என்பதே நம் எண்ணம். 2022 கத்தார் உலகக் கோப்பைக் கால்பந்தில் ஆஃப்சைடு காண 12 காமிராக்கள், ஒவ்வோர் ஆட்டக்காரர் உடலிலும் 29 வரை புள்ளிகளை நொடிக்கு 50 முறை கண்காணித்தன. அத்தனை நுட்பம்! ஆயினும் 17.6.2020 அன்று இங்கிலாந்தில் ஆஸ்டன் வில்லா, ஷெஃபீல்டு யுனைடெட் அணிகள் ஆடியபோது நடந்ததைக் கேளுங்கள். வில்லாவின் கோல் காவலர் பந்தோடு கோட்டைக் கடந்து உள்ளே போனார். ஆட்டக்காரர்களும் கம்பமும் மறைத்தமையால் ஏழு காமிராக்களுக்கும் பந்து சரிவரப் புலப்படவில்லை. 'தெரியவில்லை' என்று கருவி அறிவித்திருக்கலாம். அதுவோ வாளாவிருந்தது, நடுவரின் கைக்கடிகாரம் அதிரவில்லை, அம்மௌனமே 'கோல் இல்லை' என்றாயிற்று.

ஆட்டம் 0-0 என முடிந்தது. அப்பருவ இறுதியில் வில்லா 35 புள்ளிகளுடன் முதற்பிரிவில் தங்கியது. 34 பெற்ற போர்ன்மத் கீழ்ப்பிரிவிற்கு இறங்கியது.