எத்தனை மணிக்குத் திரும்புவது? பழனியிலிருந்து கொடைக்கானலுக்குச் சைக்கிளில்

(நம் சங்கத்தின் டிசம்பர் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடப்படுகிறது.)



தைப்பூசக் கூட்டம் வடிந்த பிறகு, பிப்ரவரி கடைசி வாரத்தில் நம் குடியிருப்பிலிருந்து பன்னிரண்டு பேர் கொடைக்கானலுக்குச் சைக்கிளில் போவதாக முடிவு செய்திருக்கிறீர்கள். அதில் ஐந்து பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள். பாதுகாப்பு பற்றி நான்கு வார்த்தை பேசச் சொல்லி என்னை அழைத்தார்கள். நான் பெரிய சைக்கிள் வீரன் இல்லை. வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் அந்த மலைப்பாதையில் ஒருமுறை தப்புக் கணக்குப் போட்டவன். அந்தத் தகுதியில்தான் இங்கே நிற்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பரில் நானும் நண்பர் ஒருவரும் கொடைக்கானலுக்குச் சைக்கிளில் கிளம்பினோம். நண்பர் இன்று முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். விடியற்காலையில் புறப்படுவதாகப் பேச்சு. டீ, படம், அரட்டை என்று பழனியை விடும்போது மணி ஏழே முக்கால். வழியில் ஒரு பஞ்சர். அதில் ஒரு மணி நேரம் போனது. பெருமாள்மலை போய்ச் சேரும்போது மூன்றரை மணி. அங்கே நண்பர், "போதும் சார், இங்கிருந்து பஸ்ஸிலேயோ வேனிலேயோ இறங்கிடலாம்" என்றார். "இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர்தானே, ஏரியைப் பார்க்காமல் திரும்பினால் தெருவில் என்ன சொல்வார்கள்?" என்று கேட்டவன் நான்.

ஏரிக்கரைக்குப் போகும்போது ஐந்தேகால். ஒரு படம் எடுத்துக்கொண்டு ஐந்தரைக்கு இறங்க ஆரம்பித்தோம். திரும்பப் பெருமாள்மலை வருவதற்குள் இருட்டிவிட்டது. பனிமூட்டம் வேறு. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு டார்ச். வடகவுஞ்சிப் பிரிவைத் தாண்டி ஒரு வளைவில் சாலையில் கிடந்த கல்லில் அவருடைய முன்சக்கரம் ஏறியது. விழுந்ததில் காறை எலும்பு முறிந்துவிட்டது. கைப்பேசியில் சிக்னல் இல்லை. முக்கால் மணி நேரம் சாலையோரம் அவரை உட்கார வைத்துக்கொண்டு நின்றேன். கடைசியில் ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றிவந்த ஒரு வேன்தான் எங்களைப் பழனிக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

இரவு பதினொரு மணிக்கு மருத்துவமனையில் அவருடைய மனைவி என்னைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அண்ணா, எத்தனை மணிக்குத் திரும்புறதுன்னு பேசி வச்சிருந்தீங்க?"

என்னிடம் பதில் இல்லை. போவதைப் பற்றி ஒரு மாதம் பேசினோம். திரும்புவதைப் பற்றி ஒரு நிமிஷம்கூடப் பேசவில்லை. இன்று நான் சொல்லப்போவது எல்லாம் அந்தக் கேள்விக்கான பதில்தான்.

முதலில் பாதையைப் பார்ப்போம். பழனியிலிருந்து கொடைக்கானல் மலைப்பாதை வழியாகச் சுமார் 64 கிலோமீட்டர். சமவெளியில் இந்தத் தூரம் ஒரு காலைப்பொழுது வேலை. ஆனால் நம் ஊர் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. கொடைக்கானலோ 2,100 மீட்டருக்கு மேல். வரதமாநதி அணைப் பக்கம் தாண்டியபின் ஏற்றம்தான். பழக்கமுள்ளவருக்கே ஏற்றத்தில் மணிக்கு 8 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வதுதான் பத்திரம்.

இப்போது கணக்கு. காலை 5:45-க்குப் பழனி. 6:30-க்கு அடிவாரம், அதற்குள் விடிந்துவிடும். காட்டுப் பகுதிக்குள் வெளிச்சம் வரும் முன் யாரும் நுழையக் கூடாது. பெருமாள்மலை வரை ஏறுவதற்கு ஐந்து மணி நேரம். நடுவில் சவரிக்காடு, வடகவுஞ்சிப் பக்கம் நிறுத்தங்கள், சாப்பாடு, ஒரு பஞ்சர் எல்லாவற்றுக்கும் ஒன்றரை மணி நேரம். ஆக ஒரு மணிக்குப் பெருமாள்மலை, இரண்டரைக்குக் கொடைக்கானல். அன்றிரவு அங்கேயே தங்கல். மறுநாள் காலை பனி விலகிய பிறகு இறக்கம். ஒரே நாளில் ஏறி இறங்கும் யோசனையை யாரும் எடுக்க வேண்டாம்.

இதில் ஒரு கோடு கிழிக்கிறேன். மதியம் இரண்டு மணிக்குள் பெருமாள்மலைக்கு வராதவர், எங்கே இருக்கிறாரோ அங்கேயே சைக்கிளைத் துணை வண்டியில் ஏற்றிவிட வேண்டும். "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்ற பேச்சுக்கே இடமில்லை. தலைவர், செயலாளர், நான் உட்பட எல்லோருக்கும் இதுவே சட்டம்.

இது பயந்தவன் போடும் விதி என்று நினைக்காதீர்கள். உலகம் முழுவதும் நெடுந்தூரச் சைக்கிள்காரர்கள் இப்படித்தான் ஓட்டுகிறார்கள். பிரான்ஸில் ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் என்ற சங்கம் 1921 முதல் 'பிரெவே' என்ற நெடும்பயணங்களை நடத்துகிறது. இந்தியாவிலும் ஆடாக்ஸ் இந்தியா அதே விதிகளோடு நடத்துகிறது. 200 கிலோமீட்டரை 13½ மணி நேரத்துக்குள்ளும், 300-ஐ 20 மணி நேரத்துக்குள்ளும் முடிக்க வேண்டும். நடுவில் உள்ள ஒவ்வொரு சாவடிக்கும் மூடும் நேரம் உண்டு. தாமதமாக வந்தால் கணக்கில் வராது. அதில் அவமானம் ஒன்றுமில்லை, அடுத்த மாதம் மறுபடி வருவார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? தைப்பூசத்துக்குச் செட்டிநாட்டுப் பக்கமிருந்து காவடியோடு நடந்து வருகிறவர்களைப் பாருங்கள். எந்த ஊரில் தங்குவது, எங்கே மதியச் சாப்பாடு என்பதெல்லாம் வழிவழியாக வந்த ஏற்பாடு. விடியும் முன் நடப்பார்கள், உச்சி வெயிலில் இளைப்பாறுவார்கள், கூட்டமாகப் போவார்கள். பயணத் திட்டம் என்றால் என்ன என்று நம் ஊருக்கு வருகிறவர்களே நமக்குக் காட்டுகிறார்கள்.

அடுத்தது இறக்கம். ஏறும்போது நெஞ்சுதான் கஷ்டப்படும். ஆபத்து இறங்கும்போதுதான் அதிகம். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்க நான்கு மடங்கு தூரம் தேவை. 20 கிலோமீட்டர் வேகத்தில் நிற்கத் தெரிந்தவர் 40-ல் நிற்க முடியும் என்று எண்ணக் கூடாது. பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திப் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் சூடேறும், ட்யூப் வெடிக்கக்கூடும். விட்டு விட்டுப் பிடியுங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் போய் அல்ல. முன் பின் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். அரை மணிக்கு ஒருமுறை நின்று ரிம்மை ஆற விடுங்கள். உங்கள் கைவிரலும் ஆறும். இருவருக்கு நடுவே நல்ல இடைவெளி வேண்டும். இறக்கத்தில் முந்துவது கிடையாது.

ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் ஏற்றத்துக்கும் ஆறரை டிகிரி அளவுக்குச் சூடு குறையும். அப்படியானால் பழனிக்கும் கொடைக்கானலுக்கும் 11, 12 டிகிரி வித்தியாசம். வியர்த்த சட்டையோடு இறங்கினால் விரல் விறைத்து பிரேக் பிடிக்காது. ஒரு கையுறை, ஒரு காற்றுத் தடுப்புச் சட்டை கண்டிப்பாக வேண்டும்.

வண்டி. பிரேக் கட்டை, பிரேக் கம்பி, செயின், டயர் நான்கையும் ஒரு வாரம் முன்பே கடையில் காட்டுங்கள், முதல் நாள் இரவு அல்ல. கையில் இரண்டு மாற்று ட்யூப், காற்றடிக்கும் பம்பு, பஞ்சர் பெட்டி. ஆளுக்கு ஒரு முன் விளக்கு, ஒரு பின் சிவப்பு விளக்கு, பளபளக்கும் மேல்சட்டை, ஹெல்மெட். பகல் பயணத்துக்கு விளக்கு எதற்கு என்று நானும் ஒருநாள் கேட்டவன்தான்.

உடம்பு. ஐம்பது தாண்டியவர்கள் ஜனவரிக்குள் மருத்துவரைப் பார்த்து, ஏற்றம் ஏறலாமா என்று கேட்டு வாருங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் அன்றைய அளவைப் பற்றித் தனியாகக் கேட்க வேண்டும். மணிக்கணக்காக மிதித்தால் சர்க்கரை திடீரென இறங்கும். கையில் கடலை மிட்டாயும், நம் ஊர்ப் பஞ்சாமிர்த டப்பா ஒன்றும் இருக்கட்டும். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய அந்தப் பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழமும் சர்க்கரையும் பேரீச்சையும் தேனும் இருக்கின்றன. சோர்ந்தவரை எழுப்ப வேறென்ன வேண்டும்? நெஞ்சில் அழுத்தம், இடது கையில் வலி, தலைசுற்றல் எது வந்தாலும் உடனே நிற்க வேண்டும். பொறுத்துக்கொண்டு ஓட்டுவது வீரம் அல்ல. தண்ணீருக்கு நல்ல பாட்டிலை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். கொடைக்கானலில் சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருக்கிறது.

பயிற்சி. இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது. வாரம் மூன்று நாள் ஓட்டுங்கள். ஞாயிறுதோறும் தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்: ஆயக்குடி, பிறகு ஒட்டன்சத்திரம், பிறகு உடுமலை போய் வருவது. கடைசி இரண்டு வாரம் அடிவாரத்திலிருந்து கொஞ்ச தூரம் ஏறி இறங்கிப் பழகுங்கள். தை மாதத்தில் நெடுஞ்சாலை ஓரம் பாதயாத்திரைக்காரர்களுக்கு உரியது. அவர்கள் நடைபாதையில் சைக்கிளை ஏற்றாதீர்கள். பின்னால் ஆடி மாதம் உடுமலைப் பக்கம் ஓட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றுக்கு எதிராகப் போகும்போதே மிதித்துவிட்டால், திரும்பும்போது காற்று உங்களைத் தள்ளிக்கொண்டு வரும். களைப்பு வந்த நேரத்துக்கு அது உதவும்.

காடு. யானை, காட்டுமாடு நடமாட்டம் உள்ள பாதை. கண்ணில் பட்டால் தூரத்திலேயே நில்லுங்கள். மணி அடிக்க வேண்டாம், படம் எடுக்க வேண்டாம். ஒரு பஸ்ஸோ லாரியோ வரும்வரை காத்திருந்து அதன் துணையோடு கடந்து போங்கள். மழை எச்சரிக்கை இருந்தால் பயணமே வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது கொடைக்கானல் சாலைகளில் மரங்கள் விழுந்து கிடந்ததை நாம் மறந்திருக்க முடியாது.

இனி என் துறை, காகித வேலை. ஆளுக்கு ஓர் அட்டை சட்டைப்பையில் இருக்க வேண்டும்: பெயர், ரத்த வகை, சாப்பிடும் மருந்து, ஒவ்வாமை, வீட்டு எண்கள் இரண்டு. சில்லறை நோட்டாக ஐந்நூறு ரூபாய். சிக்னல் இல்லாத இடத்தில் கைப்பேசியில் பணம் போகாது. துணை வண்டிக்கு இ-பாஸ் எடுத்துவிடுங்கள். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு அது நடைமுறையில் இருக்கிறது.

பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் எத்தனை பேர் சேர்ந்திருக்கிறீர்கள்? கை தூக்குங்கள். பாதிப் பேர்கூட இல்லை. 18 வயது முதல் 70 வயது வரை, வங்கிக் கணக்கு இருந்தால் போதும். ஆண்டுக்கு 20 ரூபாய். விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம். காப்பீட்டு ஆண்டு ஜூன் 1-ல் தொடங்கும். கணக்கில் அந்த 20 ரூபாய் இருக்க வேண்டும். சேர்ந்தவர்களும் வாரிசுதாரர் பெயர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். வாரிசு பதியாமல் அலைந்த குடும்பங்களை நான் கவுண்டரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

விபத்து என்றால் 108. 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கிறது. அடிபட்டவரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் நல்ல மனிதருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது. 2019-ல் சேர்த்த பிரிவு அது. யார் விழுந்து கிடந்தாலும் தயங்காமல் நில்லுங்கள். எங்களுக்காக ஒரு காய்கறி வேன் நின்றதே, அதை நான் மறக்கவில்லை.

கடைசியாக ஒன்று. பயணத் தாள் என்று ஒரு தாள் தயார் செய்திருக்கிறேன். பன்னிரண்டு பேரின் பெயர், ஒவ்வோர் இடத்துக்கும் வர வேண்டிய நேரம், இரண்டு மணிக் கோடு, மறுநாள் வீடு திரும்பும் நேரம் எல்லாம் அதில் இருக்கும். ஒரு பிரதி துணை வண்டியில், ஒரு பிரதி ஊரில் இருக்கும் பொறுப்பாளரிடம். குறித்த நேரம் தாண்டி ஒரு மணி நேரம் தகவல் இல்லையென்றால் அவர் காத்திருக்கக் கூடாது. விசாரிக்கத் தொடங்கிவிட வேண்டும். ஊர்ப் பொறுப்பாளர் யார் என்று யோசித்தேன். நண்பரின் மனைவியிடமே கேட்டேன். "சரிங்கண்ணா, ஆனா தாள்ல எழுதின நேரத்தை நீங்க மாத்தக் கூடாது" என்றார். ஒப்புக்கொண்டேன்.

வங்கியில் சாயங்காலம் கணக்கு நேராகாமல் யாரும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. இங்கேயும் அப்படித்தான். பன்னிரண்டு பேர் போனால், பன்னிரண்டு பேரும் திரும்பி வந்து அந்தத் தாளில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பயணம் முடிந்தது என்று எழுதுவோம். ஏரியைப் பார்த்தோமா இல்லையா என்பது அதில் ஒரு வரியாகக்கூட இருக்காது.

போகிறவர்கள் இன்றே தாளில் பெயர் எழுதிவிட்டுப் போங்கள். எழுதும் முன், வீட்டில் இருப்பவரிடம் எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டு வந்து எழுதுங்கள்.